ஒரே நிரல், வேறு வேறு விடை: ஒப்டிமைசேஷன் லைப்ரரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இறுதி வருட ஆய்வுக்கோ வேலைக்கோ இழிவுப் பெறுமானம் தேடும் லைப்ரரிகளைப் பாவிப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்ட பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பைதனும் அதன் விஞ்ஞானக் கணக்கு லைப்ரரியான சைப்பையும்தான். ஆனால் மட்லாப், ஆர், ஜூலியா எதிலும் வருத்தம் இதேதான், மருந்தும் இதேதான்.

ரெண்டு தரம் ஓட்டினால் ரெண்டு விடை வருது. லைப்ரரியில பிழையோ?

அனேகமாக இல்லை. முதலில் ஒன்றைப் பாருங்கள்: இரண்டு ஓட்டத்திலும் சார்பின் இறுதிப் பெறுமானம் என்ன? எல்லாரும் எக்ஸை, அதாவது கண்டுபிடித்த மாறிகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். லைப்ரரி குறைக்கப் பார்ப்பது எக்ஸை அல்ல, எஃப்பை, அதாவது சார்பின் பெறுமானத்தை. எஃப் ஒன்றாகவும் எக்ஸ் வேறாகவும் இருந்தால் உங்கள் கணக்கே ஒன்றுக்கு மேற்பட்ட விடையை ஏற்கிறது. எஃப்பும் வேறாக இருந்தால், ஒரு ஓட்டமாவது வேறு பள்ளத்தில் விழுந்திருக்கிறது, அல்லது பாதியில் நின்றிருக்கிறது. இரண்டுமே ஏழெட்டுத் தசமதானத்துக்கு ஒத்து, அதற்குப் பிறகு பிசகினால் அது வழக்கமான கணினிக் கணக்கு, விட்டுவிடலாம்.

இந்த மூன்றில் எது என்று தெரியாமல் டொலரன்ஸை, அதாவது எவ்வளவு பிசகுவரை பொறுக்கலாம் என்ற எண்ணை, மாற்றிப் பார்ப்பது வீண்.

எஃப் ஒண்டாத்தான் இருக்கு, எக்ஸ் தான் ஒவ்வொரு தரமும் வேற. அது எப்பிடி?

இங்கே அடிக்கடி வரும் கணக்கையே எடுப்போம். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீரை மாதிரியாக்கி, கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு ஒத்துவரும்படி இரண்டு எண்களைத் தேடுகிறீர்கள்: மழையில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது, கல் எவ்வளவு இலகுவாக நீரைக் கடத்துகிறது. கரையில் நீர்மட்டம் கடல்மட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, மாதிரி காலத்தோடு மாறாத நிலைக்கானது, இறைப்பு சேர்க்கப்படவில்லை. அப்படியானால் நீர்மட்டம் அந்த இரண்டு எண்களின் விகிதத்தில் மட்டுமே தங்கியிருக்கும். நாளுக்கு 0.001 மீற்றர் இறக்கமும் 100 மீற்றர் கடத்துதிறனும் தரும் அதே மட்டத்தை, 0.002 உம் 200 உம் அச்சொட்டாகத் தரும். நீங்கள் நூறு கிணறு அளந்தாலும் இது மாறாது.

இப்படியான சார்புக்கு அடியில் இருப்பது புள்ளி அல்ல, நீளமான ஒரு தட்டைப் பள்ளத்தாக்கு. தொடக்கப் புள்ளி எங்கிருந்ததோ அதற்கு அண்மையில் பள்ளத்தாக்கைத் தொட்டதும் சோல்வர், அதாவது லைப்ரரிக்குள் தேடும் முறை, நின்றுவிடும். அதன்மேல் குற்றம் இல்லை. இன்னொரு சோல்வருக்கு மாறினால் பள்ளத்தாக்கில் இன்னொரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க: குறைந்தபட்ச வர்க்கக் கணக்கென்றால் ஒவ்வொரு மாறியையும் அசைத்தால் ஒவ்வொரு கணிப்பும் எவ்வளவு மாறும் என்று சொல்லும் யக்கோபியன் தாயத்தின் சிங்குலர் பெறுமானங்களை (singular values) எடுத்துப் பாருங்கள். மிகப் பெரியதோடு ஒப்பிடச் சின்னது பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தால், அதற்குரிய காவியே பள்ளத்தாக்கின் திசை. சைப்பையின் வளையி பொருத்தும் கேர்வ் ஃபிட் பாவிப்பவர்களுக்கு இன்னும் இலகு: உடன்மாறல் தாயத்தில் முடிவிலி வந்தாலோ, இரண்டு மாறிகளுக்கு இடையிலான இணைபு 1 ஐயோ −1 ஐயோ ஒட்டி நின்றாலோ சங்கதி இதுதான்.

தீர்க்க மூன்று வழி. விகிதத்தையே ஒரே மாறியாக வைத்துத் தேடலாம், இதுவே நேர்மையானது. ஒன்றை வேறு அளவீட்டிலிருந்து எடுத்து நிலையாக வைக்கலாம். அல்லது புதிய வகைத் தரவு சேர்க்கலாம்: தோட்டக் கிணறுகளில் நாளுக்கு எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருந்து அது மாதிரிக்குள் போனால் விகிதம் உடைந்து இரண்டு எண்களும் தனித்தனியே நிற்கும். இன்னும் பத்துக் கிணற்றில் நீர்மட்டம் அளப்பதைவிட, ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் மோட்டர் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று கேட்பது இங்கே பெறுமதி கூடியது.

பள்ளத்தாக்கு இல்லாமலும் இது நடக்கும். ஹிமெல்பிளாவின் பெயரில் உள்ள பரிசோதனைச் சார்புக்கு நான்கு இழிவுகள். நான்கிலும் பெறுமானம் பூச்சியம். ஒன்று (3, 2) இல், மற்றவை தள்ளித் தள்ளி. தொடக்கப் புள்ளியை மாற்றினால் விடை மாறும், நான்குமே சரி.

எனக்கு எஃப்பே வேற வேற வருது.

அப்படியானால் ஓட்டங்களில் ஒன்றாவது தோற்றிருக்கிறது. சரிவைப் (படித்திறனைப்) பார்த்து அடியெடுக்கும் பிஎஃப்ஜிஎஸ் போன்ற முறைகள் நிற்கும் இடத்திலிருந்து கீழே இறங்க மட்டுமே தெரிந்தவை. பக்கத்துப் பள்ளம் இன்னும் ஆழம் என்பது அவற்றுக்குத் தெரியாது.

கிணற்று நீர்மட்டம் மாரியில் ஏறிக் கோடையில் இறங்குகிறது. பத்து வருடத் தரவுக்கு ஒரு சைன் வளையியைப் பொருத்துகிறீர்கள், சுற்றுக்காலத்தையும் தேடும்படி விட்டிருக்கிறீர்கள். தொடக்க ஊகம் 330 நாள் என்று கொடுத்தால், பத்து வருடத்தில் பத்துச் சுற்றுக்குப் பதில் பதினொன்று வரும். ஒரு முழுச் சுற்றுப் பிசகு. அங்கிருந்து 365 க்கு வர நடுவில் ஒரு மேட்டை ஏற வேண்டும், சோல்வர் ஏறாது. அந்தப் பக்கத்துச் சின்னப் பள்ளத்திலேயே நின்று, வீச்சத்தைக் கிட்டத்தட்டப் பூச்சியமாக்கிவிட்டு, ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லும்.

இந்தக் கணக்கில் வடிவான வழி சுற்றுக்காலத்தைத் தேடாமலே விடுவது. வருடம் எத்தனை நாள் என்பது எங்களுக்குத் தெரியும். சைனையும் கோசைனையும் இரண்டு குணகங்களோடு எழுதினால் மிச்சம் முழுவதும் ஏகபரிமாணக் கணக்கு. அதற்கு ஒரே ஒரு இழிவுதான், தொடக்க ஊகமே தேவையில்லை.

அப்படி மாற்ற முடியாத கணக்குகளுக்கு எழுமாற்றாக ஐம்பது, நூறு தொடக்கப் புள்ளிகள் எடுத்து ஓட்டுங்கள். கிடைத்த எஃப் பெறுமானங்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். மிகக் குறைந்த பெறுமானம் பல தடவை வந்திருந்தால் ஓரளவு நம்பலாம். ஒரே ஒரு தடவை வந்திருந்தால் அதைவிடக் குறைந்தது எங்கோ ஒளிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சக்சஸ் ட்ரூ எண்டு வந்தது. அப்ப சரிதானே?

நிறுத்தும் விதிகளில் ஏதோ ஒன்று நிறைவேறியது என்பதே அதன் பொருள். அதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை.

பிஎஃப்ஜிஎஸ்ஸின் எல்லை ஏற்கும் வடிவமான, சைப்பையின் எல்-பிஎஃப்ஜிஎஸ்-பி முறையில் எஃப்டோல் என்ற எண் இயல்பாக 2.2 × 10⁻⁹ அளவில் இருக்கும். ஒரு அடி வைத்ததில் எஃப் எவ்வளவு குறைந்தது என்பதை எஃப்பின் அளவால் வகுத்து அதோடு ஒப்பிடுவார்கள். ஆனால் வகுக்கும் எண் 1 ஐவிடச் சின்னதாகப் போகாது. எஃப் 1 ஐவிடக் குறைவென்றால் 1 ஆலேயே வகுப்பார்கள். சிக்கல் இங்கேதான். கிணற்று நைத்திரேற்று மாதிரி ஒன்றில் அலகைத் தவறுதலாக லீற்றருக்குக் கிலோகிராம் என்று வைத்தால் என்ன நடக்கும்? குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உங்கள் மாதிரி 10 மில்லிகிராம் பிசகினால் அது சின்னப் பிசகல்ல. கிலோகிராமில் அது 0.00001. வர்க்கித்தால் 10⁻¹⁰. இருபது கிணற்றைக் கூட்டினால் 2 × 10⁻⁹. முழு எஃப்புமே எஃப்டோலைவிடச் சின்னது! படித்திறனும் அதேபோல் சுருங்கியிருந்தால் சோல்வர் தொடக்கப் புள்ளியை விட்டு அசையாது. சக்சஸ் ட்ரூ.

எனவே சக்சஸைப் பார்க்கும்போதே இற்றரேஷன் எண்ணிக்கையையும், அதாவது எத்தனை அடி வைத்தது என்பதையும், பாருங்கள். அது 0 அல்லது 1 என்றால் சந்தேகப்படுங்கள். ஐந்து தொடக்கப் புள்ளிக்கு ஐந்து விடை, ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்திலேயே: இந்தக் கோலம் கண்டால் அலகைத் தேடிப் போகலாம்.

எல்லை போட்டதும் விடை மாறீட்டுது. எல்லை விடையைத் தொடக்கூட இல்லை.

முறையின் பெயரை நீங்கள் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். சைப்பையின் மினிமைஸ் எதுவும் சொல்லாவிட்டால் பிஎஃப்ஜிஎஸ் எடுக்கும். எல்லை கொடுத்தால் எல்-பிஎஃப்ஜிஎஸ்-பி. சமன்பாடு, சமனிலி ஏதும் கொடுத்தால் எஸ்எல்எஸ்கியூபி. நீங்கள் எல்லையைச் சேர்த்தபோது முறையும் நிறுத்தும் விதியும் சேர்ந்தே மாறிவிட்டன. முறையின் பெயரை எப்போதும் எழுதுங்கள்.

துல்லியம் போனதால வேண்டிய அளவுக்கு வரேல்லை எண்ட மாதிரி ஒரு செய்தி வருது.

பிஎஃப்ஜிஎஸ்ஸின் புகழ்பெற்ற புலம்பல் அது. பெரும்பாலும் படித்திறன்தான் காரணம். பெறுதியை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் லைப்ரரி எக்ஸைச் சின்னதாக அசைத்து, எஃப்பின் வித்தியாசத்தை வகுத்து எடுக்கும். அசைக்கும் அளவு இயல்பாக 1.5 × 10⁻⁸ அளவு. எஃப் 10 இலட்சம் அளவிலான எண் என்றால், 64 பிட் எண்ணில் அதன் கடைசி இலக்கம் 10⁻¹⁰ அளவில் கிடக்கும். அந்தத் துடிப்பை 1.5 × 10⁻⁸ ஆல் வகுத்தால் படித்திறனில் கிட்டத்தட்ட 0.01 வழு. சோல்வரோ படித்திறன் 10⁻⁵ க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கிறது. இறங்கவே இறங்காது.

எஃப்புக்குள் வகையீட்டுச் சமன்பாடு தீர்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சைப்பையில் அதைத் தீர்க்கும் சோல்வ் ஐவிபி இயல்பாக ஒப்பீட்டு டொலரன்ஸ் 10⁻³ இல்தான் ஓடுகிறது. ஆயிரத்தில் ஒன்று பிசகும் சார்பை பத்துக் கோடியில் ஒன்றரைப் பங்கு அளவில் அசைத்துப் பெறுதி எடுத்தால் வருவது பெறுதியல்ல, இரைச்சல். அந்த டொலரன்ஸை 10⁻⁹ போல இறுக்குங்கள், அல்லது அசைக்கும் அளவைக் கூட்டுங்கள். சார்பின் ஒப்பீட்டு வழு எவ்வளவோ அதன் வர்க்கமூலம் நல்ல தொடக்க அளவு.

எல்லாவற்றையும்விட நல்லது பெறுதியை எழுதிக் கொடுப்பது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு வகையிடுவது பயமில்லை. பயமென்றால் ஜாக்ஸ், பைடோர்ச் போன்றவை தாங்களே வகையிட்டுத் தரும். எழுதிய பெறுதியைச் சைப்பையின் செக் கிராட் கொண்டு ஒரு தடவை சரிபாருங்கள். குறி மாறிய ஒரே ஒரு உறுப்பு ஒரு கிழமையைத் தின்னும்.

ஜாக்ஸுக்கு மாத்தினன். இப்ப ஒரு இற்றரேஷனும் ஓடாமல் முடியுது.

ஜாக்ஸும் பைடோர்ச்சும் இயல்பாக 32 பிட் எண் பாவிப்பவை. 1 க்குப் பக்கத்தில் 32 பிட் எண்களுக்கு இடையிலான இடைவெளி 1.2 × 10⁻⁷. லைப்ரரி 1.5 × 10⁻⁸ அசைத்தால் அந்த அசைவு காணாமல் போய்விடும், வித்தியாசம் பூச்சியம், படித்திறன் பூச்சியம், வேலை முடிந்தது. 64 பிட்டை இயக்குங்கள். அதோடு ஜாக்ஸ் தரும் பெறுதியையே சைப்பைக்குக் கொடுங்கள்; அதை வைத்துக்கொண்டு அசைத்துப் பார்ப்பது ஏன்?

ஆள்கூறு வைச்சுக் கணக்குப் பார்க்கேக்க தடுமாறுது.

யாழ்ப்பாண நகரம் அகலாங்கு 9.66, நெட்டாங்கு 80.02 பாகை. அதையே மீற்றரில் ஆள்கூறு தரும் யூடிஎம் முறையின் 44 வடக்கு வலயத்தில் எழுதினால் கிழக்கே ஏறத்தாழ 392,000 மீற்றர், வடக்கே ஏறத்தாழ 1,068,000 மீற்றர். இந்த எண்களோடு 0.0001 அளவிலான இன்னொரு மாறியையும் ஒன்றாகத் தேட விட்டால், ஒரே அளவான அசைவு ஒன்றுக்குத் தூசு, மற்றதுக்கு மலை. நகரின் நடுவில் ஒரு புள்ளியை ஆதியாக வைத்துக் கழியுங்கள், கிலோமீற்றரில் எழுதுங்கள். எந்த மாறியும் 0.1 க்கும் 10 க்கும் இடையில் நின்றால் நல்லது. எப்போதும் நேர் எண்ணாக இருக்க வேண்டிய, பல மடங்கு மாறக்கூடிய மாறிகளை மடக்கையில் தேடுங்கள், கடத்துதிறன் அப்படியானது.

என்ர லப்டொப்பில ஒரு விடை, கம்பஸ் மெஷினில இன்னொரு விடை. நிரல் ஒண்டுதான்.

கணினியில் கூட்டல் வரிசையைப் பொறுத்தது. 0.1 + 0.2 ஐ முதலில் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் 0.6000000000000001, 0.2 + 0.3 ஐ முதலில் கூட்டினால் 0.6. ஐஇஇஇ 754 தரநிலையின்படி நடக்கும் எந்த இயந்திரத்திலும் இப்படித்தான். பெரிய தாயங்களைப் பெருக்கும்போது ஓப்பன்பிளாஸ், எம்கேஎல் போன்ற தாயக் கணக்கு லைப்ரரிகள் வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. நாலு கோரும் பதினாறு கோரும் கூட்டும் வரிசை ஒன்றல்ல. செயலியின் வகைக்கேற்ப உள்ளே ஓடும் நிரற்துண்டும் மாறும்.

16 ஆவது இலக்கத்தில் தொடங்கும் இந்த வித்தியாசம் நல்ல கணக்கில் அங்கேயே அடங்கிப்போகும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே வரம்பில் நிற்கும் கணக்கில்தான் ஓட்டம் வேறு பக்கம் சாய்கிறது. ஆகவே இரண்டு இயந்திரத்தில் முதல் தசமதானமே வேறென்றால், இயந்திரத்தை விட்டுவிட்டு மேலே சொன்ன பள்ளத்தாக்கையும் பல பள்ளங்களையும் தேடுங்கள். சோதிக்க, ஓஎம்பி நம் த்ரெட்ஸ் (OMP_NUM_THREADS) என்ற சூழல் மாறியை, நம்பை (NumPy) லைப்ரரியை ஏற்ற முன்பே 1 ஆக வையுங்கள்.

பதிப்புகளையும் பாருங்கள். சைப்பை 1.15 இல் எல்-பிஎஃப்ஜிஎஸ்-பி ஃபோர்ட்ரானிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது. முறை அதேதான், ஆனால் இரண்டு பதிப்புக்கும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

டிஃபரன்ஷியல் எவொலூஷனுக்கு சீட் குடுத்தும் மாறுது.

இது எழுமாற்றாகப் பல புள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாக மாற்றித் தேடும் முறை. கணக்கைப் பகிர்ந்து ஓடும் வேர்க்கர்ஸ் எண்ணிக்கையை மாற்றினீர்களா? ஒன்றுக்கு மேல் போனால், நல்ல புள்ளி கிடைத்த உடனேயே சேர்க்கும் வழக்கத்தை விட்டு, தலைமுறை முடிந்த பிறகே சேர்க்கும் முறைக்கு அது மாறிவிடும். எழுமாற்று எண்களைத் தொடக்கும் சீட் அதேதான், பாதை வேறு. தொடக்கத்திலிருந்தே, தலைமுறை முடிந்து சேர்க்கும் அந்த டிஃபர்ட் முறையைக் கேட்டு வாங்கினால் இந்த வித்தியாசம் போய்விடும். உங்கள் சார்புக்குள்ளேயே எழுமாற்று எண் எடுத்தால் அதற்கும் தனிச் சீட் வேண்டும்.

எத்தனை தசமதானம் ஒத்திருக்க வேணும்?

எஃப்பை 16 இலக்கம்வரை அறிந்தாலும் எக்ஸை ஏறத்தாழ 8 இலக்கம்தான் அறிய முடியும். இழிவுக்குப் பக்கத்தில் வளையி தட்டை: எக்ஸ் 10⁻⁸ அசைந்தால் எஃப் 10⁻¹⁶ தான் அசையும், அதற்குக் கீழே கணினிக்குக் கண் தெரியாது. எஃப்டோல் 10⁻⁹ என்றால் எக்ஸில் நாலைந்து இலக்கத்துக்குமேல் கேட்பது பேராசை. பன்னிரண்டு தசமதானத்தை அட்டவணையில் அச்சடிப்பவர்கள் கவனிக்க.

சந்தைக்குச் சாமான் அனுப்புற கணக்கு. புது சைப்பையில செலவு அதேதான், அனுப்புற அளவுகள் வேற.

கோப்பாயிலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் வெங்காயம், சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். இரண்டு விதமாகப் பிரித்தாலும் லொறிச் செலவு சமன் என்றால், அவற்றுக்கு இடைப்பட்ட எந்தப் பிரிப்பும் சமன்தான். சிம்ப்ளெக்ஸ் ஒரு மூலையைத் தரும். உட்புள்ளி முறை மூலைக்குத் தள்ளப்படாவிட்டால் நடுவில் ஒன்றைத் தரும். சைப்பை 1.9 இல், இப்படியான ஏகபரிமாணக் கணக்கைத் தீர்க்கும் லின்ப்ரோக்கின் இயல்பான முறை பொதுவாக மூலையைத் தரும் ஹைஸ் ஆனது; அதற்கு முன் உட்புள்ளி. மாற்றத்தின் காரணம் அதுதான். குறிப்பிட்ட பிரிப்பு ஒன்று வேண்டுமென்றால், ஏன் வேண்டும் என்பதைக் கணக்குக்குள் எழுதுங்கள்: குறைந்த லொறி, பழைய ஒழுங்கிலிருந்து குறைந்த மாற்றம், இப்படி ஏதாவது.

முழுவெண் மாறிகள் உள்ள கணக்கில் இன்னொன்று. குரோபி என்ற சோல்வர் இயல்பாக 0.01 வீத இடைவெளிக்குள் வந்ததும் நின்றுவிடும். மொத்தச் செலவு ஒரு கோடி ரூபா என்றால் அது ஆயிரம் ரூபா. அதற்குள் எந்த விடையும் அதற்குச் சரி.

கரண்ட் போச்சுது. கடைசி எக்ஸை வைச்சுத் திரும்பத் தொடங்கினன், வேற இடத்துக்குப் போச்சுது.

பிஎஃப்ஜிஎஸ் நடந்த பாதையிலிருந்து வளைவைப் பற்றி ஒரு தாயத்தைக் கட்டிக்கொண்டே வருகிறது. எக்ஸை மட்டும் சேமித்தால் அந்த ஞாபகம் போய்விடும். அது தொடர்ச்சியல்ல, புதுத் தொடக்கம். மற்றது, ஒவ்வொரு அடியிலும் எக்ஸைச் சேமிப்பவர்கள் நகல் எடுத்துச் சேமியுங்கள். சில லைப்ரரிகள் ஒரே அணியைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் சேமித்த எல்லாம் கடைசியில் ஒன்றாகவே இருக்கும்.

பேசாமல் நெல்டர்–மீட்டுக்கு மாறட்டோ?

அது பெறுதி கேட்காத முறை. மாறிகள் இரண்டு மூன்று, சார்பு கரடுமுரடு என்றால் மாறலாம். பத்து மாறிக்கு மேல் வேண்டாம். நகர்ந்துகொண்டே இருக்கும், எங்கோ நிற்கும், ஏன் நின்றது என்று தெரியாது. சார்பு ஏன் கரடுமுரடானது என்று முதலில் பாருங்கள். உள்ளே ரவுண்ட் இருக்கிறதா, அட்டவணையில் தேடுகிறதா, இஃப் ஒன்று பெறுமானத்தைத் துள்ளவைக்கிறதா, மடக்கைக்குள் மறை எண் போய் ‘எண் அல்ல’ என்ற குறி (NaN) வருகிறதா? ஒரு மாறியை மட்டும் சின்னச் சின்னதாக அசைத்து எஃப்பை வரைபாக வரையுங்கள். ஐந்து நிமிட வேலை. கடும் வாதப்பிரதிவாதம் பலதை அந்த ஒரு படம் முடித்திருக்கிறது.

சேர் ஒரு விடைதான் கேக்கிறார். எதை எழுதுறது?

மிகக் குறைந்த எஃப் தந்த எக்ஸை எழுதுங்கள். கூடவே எத்தனை தொடக்கப் புள்ளி, அவற்றில் எத்தனை அங்கே வந்து சேர்ந்தன, முறையின் பெயர், டொலரன்ஸ், பதிப்பு எண், சீட். பள்ளத்தாக்கு இருக்கிறதென்று தெரிந்தால் தனி எண்களை எழுதாமல் விகிதத்தை எழுதி, தனி எண்களை இந்தத் தரவிலிருந்து பிரித்தறிய முடியாது என்று அறிக்கையிலேயே சொல்லுங்கள். வைவாவில் ‘ஏன் 100, ஏன் 200 இல்லை’ என்று கேட்டால் அந்த வசனத்தைக் காட்டலாம்.